சார்ட்டை விரித்தாலும் சுருக்கினாலும் அம்புக்குறியும் எழுத்தும் கேண்டிலை விட்டு விலகாமல் இருக்க என்ன செய்வது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வீடு திரும்பியதும், இரவில் மலேசியச் சந்தையான புர்சா மலேசியாவின் செம்பனை எண்ணெய் வாய்தாச் சந்தையை (பிற்காலத்தில் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் சந்தையை) கவனிக்கிறீர்கள். நிமிட விலைத் தரவை மெட்டாட்ரேடர் 5 என்ற வர்த்தக மென்பொருளில் உங்களுக்கென ஒரு தனிச் சின்னமாக (சிம்பல்) ஏற்றி, அதன்மேல் ஓர் இண்டிகேட்டர், அதாவது சார்ட்டில் குறிகளை வரையும் சிறு நிரல், எழுதியிருக்கிறீர்கள். வாங்கும் இடத்தில் கேண்டிலுக்கு (ஒரு கால அளவின் தொடக்க, உச்ச, தாழ்வு, முடிவு விலைகளைக் காட்டும் பட்டைக்கு) கீழே ஓர் அம்புக்குறி, விற்கும் இடத்தில் மேலே ஓர் அம்புக்குறி, கூடவே சிறிய எழுத்து. ஓர் அளவில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சார்ட்டை விரித்தால் குறிகள் கேண்டிலை விட்டு எங்கோ மிதக்கின்றன. சுருக்கினால் கேண்டிலின் மேலேயே ஏறிக்கொள்கின்றன. அத்துடன், இரவில் செய்த வர்த்தகத்தின் குறி நாள் சார்ட்டில் தவறான நாளில் விழுகிறது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

கோளாறு நீங்கள் அனுப்பிய நிரலின் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. எழுத்தை வைக்கும் விலையாக, கேண்டிலின் உச்ச விலையுடன் 20 ரிங்கிட்டைக் கூட்டியிருக்கிறீர்கள். குறி எந்த நேரத்துக்கும் எந்த விலைக்கும் உரியது என்பது சந்தை சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் குறி கேண்டிலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது கண் சம்பந்தப்பட்ட விஷயம். முதலாவதை நேரத்திலும் ரிங்கிட்டிலும் சொல்லுங்கள். இரண்டாவதைப் பிக்சலில் மட்டுமே சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அலகில் கூட்டியதுதான் உங்கள் சிக்கலின் முழுக் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சார்ட் சாளரத்தின் உயரம் 600 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 3,900 முதல் 4,200 வரை, அதாவது 300 ரிங்கிட் அகலமுள்ள விலைப்பரப்பு தெரிகிறது. அப்போது ஒரு பிக்சலின் மதிப்பு 50 சென் (அரை ரிங்கிட்). உங்கள் 20 ரிங்கிட் இடைவெளி 40 பிக்சலாகத் தெரியும். சற்றே அதிகம்தான், ஆனாலும் கண்ணை உறுத்தாது. இப்போது இரவு அமர்வை மட்டும் விரித்துப் பார்க்கிறீர்கள். தெரியும் பரப்பு 40 ரிங்கிட்டாகச் சுருங்குகிறது. அதே 20 ரிங்கிட் 300 பிக்சலாகிவிடும், அதாவது சாளரத்தில் பாதி. ஓர் ஆண்டுத் தரவைத் திரையில் அடைத்து, பரப்பு 1,500 ரிங்கிட் ஆனால், 20 ரிங்கிட் வெறும் 8 பிக்சல்தான். எழுத்து கேண்டிலோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். 20-க்குப் பதிலாக 10 போடலாமா, 5 போடலாமா என்று தேடிக்கொண்டிருந்தால் அந்தத் தேடலுக்கு முடிவே இருக்காது.

பலர் உங்களுக்கு ஏடிஆர் முறையைப் பரிந்துரைத்திருப்பார்கள்: கடந்த 14 கேண்டில்களின் சராசரி உண்மை வீச்சைக் கணக்கிட்டு, அதில் பாதியை இடைவெளியாக வைப்பது. நிலையான 20 ரிங்கிட்டை விட இது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 5 நிமிடச் சார்ட்டிலிருந்து நாள் சார்ட்டுக்கு மாறும்போது இடைவெளியும் தானாகப் பெருகும். ஆனால் அது சந்தையின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கிறது, திரையை அளப்பதில்லை. அதே 5 நிமிடச் சார்ட்டில் ஜூம் அளவை மட்டும் மாற்றினால் பழைய நோய் திரும்பிவிடும். திரையின் அளவைக் கேட்டறிய வழியில்லாத இடத்தில் மட்டும் ஏடிஆரை நாடுங்கள். மெட்டாட்ரேடர் 5 அந்த விவரங்களைக் கேட்டவுடன் தருகிறது. அங்கே அது தேவையில்லை.

கேட்க வேண்டியவை மூன்றே மூன்று: திரையில் தெரியும் மிக உயர்ந்த விலை (சார்ட்_பிரைஸ்_மேக்ஸ்), மிகத் தாழ்ந்த விலை (சார்ட்_பிரைஸ்_மின்), சாளரத்தின் பிக்சல் உயரம் (சார்ட்_ஹைட்_இன்_பிக்சல்ஸ்). உயர்விலையிலிருந்து தாழ்விலையைக் கழித்து உயரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ரிங்கிட் என்பது கிடைத்துவிடும். 12 பிக்சல் இடைவெளி வேண்டுமென்றால் அதை 12-ஆல் பெருக்கி, கேண்டிலின் உச்ச விலையுடன் கூட்டுங்கள். மேலே சொன்ன மூன்று நிலைகளில் அது முறையே 6 ரிங்கிட், 80 சென், 30 ரிங்கிட் என்று வரும். எண்கள் மூன்று விதம். திரையில் மூன்றும் ஒரே இடைவெளி. சார்ட் இன்னும் முழுதாக வரையப்படாத நொடியில் கேட்டால் உயரமோ விலைப்பரப்போ பூஜ்யமாக வர வாய்ப்பு உண்டு. வகுப்பதற்கு முன் அதைச் சோதித்து, பூஜ்யமென்றால் அந்த முறை ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

விலையையும் நேரத்தையும் பிக்சலாக மாற்றித் தரும் 'சார்ட்டைம்பிரைஸ்டுஎக்ஸ்ஒய்' என்ற செயல்கூறும், அதற்கு நேரெதிரான இன்னொன்றும் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தக்கூடாதா என்று கேட்பீர்கள். பயன்படுத்தலாம். பிக்சல் கணக்கில் சாளரத்தின் மேல் விளிம்பு பூஜ்யம், கீழே போகப் போக எண் கூடும். ஆகவே கேண்டிலுக்கு மேலே போக வேண்டுமென்றால் கழிக்க வேண்டும். திரும்ப மாற்றும்போது விலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குக் கேண்டிலின் சொந்த நேரத்தையே வையுங்கள். எனக்கு மேலே சொன்ன வகுத்தல் கணக்கே பிடித்தமானது. படிப்பவருக்கு உடனே விளங்கும், திரைக்கு வெளியே இருக்கும் கேண்டிலுக்கும் அப்படியே பொருந்தும்.

அம்புக்குறிக்கு மட்டும் இந்தக் கணக்குகூட வேண்டாம். இண்டிகேட்டரின் தரவு அணியிலிருந்து (கேண்டிலுக்கு ஒன்றாக மதிப்புகள் வரிசையாக நிற்கும் இடம்) அம்புக்குறி வரையும் பாணியை (டிரா_ஆரோ) தேர்ந்தெடுத்தால், 'பிளாட்_ஆரோ_ஷிஃப்ட்' என்ற பண்பில் செங்குத்து நகர்வை நேரடியாகப் பிக்சலில் கொடுக்கலாம். எதிர்மறை எண் கொடுத்தால் குறி மேலே நகரும். அணியில் கேண்டிலின் உச்ச விலையை அப்படியே வைத்து, நகர்வை மைனஸ் 12 என்று சொல்லிவிட்டால் போதும். எத்தனை முறை விரித்தாலும் சுருக்கினாலும் மெட்டாட்ரேடரே பார்த்துக்கொள்ளும். வாங்கும் குறிக்கு ஒரு வரைவு, விற்கும் குறிக்கு ஒரு வரைவு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது ஆயிரக்கணக்கான அம்புக்குறிப் பொருள்களை (சார்ட்டில் ஒவ்வொன்றாக வைக்கும் வரைபட உருப்படிகளை) தனித்தனியாக உருவாக்கிக் கணினியைத் திணறடிக்கும் நிரல்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுத்துக்குத்தான் பொருள் தேவை. அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஓபிஜே_டெக்ஸ்ட்' நேரத்தோடும் விலையோடும் கட்டப்பட்டது. சார்ட் நகர்ந்தால் கூடவே நகரும். 'ஓபிஜே_லேபிள்' சாளரத்தின் மூலையிலிருந்து இத்தனை பிக்சல் என்று நிற்பது. சார்ட் எங்கே நகர்ந்தாலும் அசையாது. கேண்டிலுக்குரிய எழுத்து முதல் வகை. உங்கள் மொத்த லாப நட்டம், திறந்திருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை போன்றவை இரண்டாம் வகை. கீழ் வலது மூலையில் லேபிள் வைக்கும்போது மூலையை மட்டும் மாற்றிவிட்டு, ஆங்கர் எனப்படும் பிடிப்புப் புள்ளியை மாற்றாமல் விட்டால் எழுத்து சாளரத்துக்கு வெளியே ஓடிவிடும். மூலை, பிடிப்புப் புள்ளி இரண்டையும் கீழ் வலது என்றே வையுங்கள்.

அந்தப் பிடிப்புப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிரலில் அது எங்குமே இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் மெட்டாட்ரேடர் எழுத்தின் இடது மேல் மூலையை நீங்கள் சொன்ன புள்ளியில் மாட்டிவிடும். எழுத்து அங்கிருந்து வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் விரியும். அதாவது கேண்டிலுக்கு மேலே வைத்த எழுத்து கேண்டிலை நோக்கியே இறங்கி வருகிறது. அதைச் சமாளிக்கத்தான் நீங்கள் 20 ரிங்கிட் வரை போயிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். மேலே வைக்கும் எழுத்துக்கு 'ஆங்கர்_லோயர்', கீழே வைக்கும் எழுத்துக்கு 'ஆங்கர்_அப்பர்' கொடுங்கள். முதலாவதில் எழுத்தின் அடிப்பக்க நடுப்புள்ளி பிடிபடும், இரண்டாவதில் மேல்பக்க நடுப்புள்ளி. எழுத்தின் அளவை நாளை 8-லிருந்து 14-ஆக உயர்த்தினாலும் அது கேண்டிலை விட்டு வெளிப்பக்கமாகத்தான் வளரும். அம்புக்குறியைப் பொருளாகவே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், அதற்கும் இதே விதி: மேலே இருப்பதற்கு 'ஆங்கர்_பாட்டம்', கீழே இருப்பதற்கு 'ஆங்கர்_டாப்'.

எழுத்தைத் தமிழில் வைக்க ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள், மெட்டாட்ரேடரின் நிரல்மொழியான எம்கியூஎல்5 யூனிகோடை ஏற்கிறது, விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துரு தமிழைச் செம்மையாகக் காட்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அகலத்தை எழுத்துகளை எண்ணி மதிப்பிடாதீர்கள். 'விற்பனை' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறியீடுகள். இதில் எந்த எண்ணும் திரையில் அது பிடிக்கும் இடத்தைச் சொல்லாது. எழுத்துருவை அமைத்துவிட்டு 'டெக்ஸ்ட்கெட்சைஸ்' மூலம் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் கேட்டு வாங்குங்கள். எழுத்துருவை அமைக்கும்போது அளவை எதிர்மறை எண்ணாகக் கொடுத்தால் அது புள்ளியின் (எழுத்தின் அளவைச் சொல்லும் பாயின்ட் அலகின்) பத்தில் ஒரு பங்காகக் கொள்ளப்படும். மைனஸ் 90 என்றால் 9 புள்ளி. நேர் எண் கொடுத்தால் பிக்சல். சார்ட்டில் உள்ள எழுத்துப் பொருள் புள்ளியில்தான் அளக்கப்படுகிறது என்பதால், அளந்து பார்க்கும்போதும் எதிர்மறை எண்ணையே கொடுங்கள். மேலும் ஒரு பொருளில் 63 குறியீடுகளுக்கு மேல் காட்டாது. தமிழில் அந்த எல்லை நாம் நினைப்பதை விடச் சீக்கிரமே வந்துவிடும். நீண்ட விளக்கத்தைச் சுட்டியை மேலே வைத்தால் தெரியும் குறிப்பில் போட்டுவிட்டு, சார்ட்டில் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, இடைவெளியைக் கணக்கிட்டாயிற்று. எப்போது மறுபடி கணக்கிடுவது? பயனர் சார்ட்டை நகர்த்தினாலோ, விரித்தாலோ, சாளரத்தின் அளவை மாற்றினாலோ 'ஆன்சார்ட்ஈவன்ட்' வழியாகச் சார்ட் மாறியது என்ற செய்தி உங்கள் நிரலுக்கு வரும். அங்கே எல்லா எழுத்துகளின் விலையையும் புதுப்பியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஒரு புதிய டிக் (ஒவ்வொரு விலை மாற்றமும் ஒரு டிக்) வந்து விலை புதிய உச்சம் தொட்டால், தானியங்கி அளவீடு விலைப்பரப்பையே மாற்றிவிடும். ஆகவே உயர்விலை, தாழ்விலை, உயரம் மூன்றையும் சேமித்து வைத்து, ஒவ்வொரு டிக்கிலும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் புதுப்பியுங்கள். சார்ட்டை இழுக்கும்போது செய்திகள் மளமளவென்று வந்து குவியும். அதனால் திரையில் தெரியும் கேண்டில்களுக்குரிய எழுத்துகளை மட்டும் நகர்த்துங்கள். முதலில் தெரியும் கேண்டில் எது, எத்தனை தெரிகின்றன என்ற இரண்டையும் சார்ட்டிடமே கேட்கலாம். இழுத்துக் கொண்டுவரப்பட்ட பழைய பகுதிக்கு அந்த நேரத்தில் கணக்கிட்டால் போதும்.

ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்காதீர்கள், திரை மினுக்கும். இருப்பதை நகர்த்துங்கள். அதற்குப் பொருளின் பெயர் நிலையாக இருக்க வேண்டும். நீங்கள் கேண்டிலின் வரிசை எண்ணைப் பெயராக வைத்திருக்கிறீர்கள். புதிய கேண்டில் பிறந்ததும் அந்த எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிவிடும். நேற்றைய குறி இன்றைய கேண்டிலோடு போய்ச் சேரும். ஒரு முன்னொட்டையும் கேண்டிலின் நேரத்தையும் சேர்த்துப் பெயராக்குங்கள். இண்டிகேட்டரை நீக்கும்போது அந்த முன்னொட்டைச் சொல்லி அழித்தால் உங்கள் குறிகள் மட்டும் போகும். பயனர் கையால் வரைந்த கோடுகள் பத்திரமாக இருக்கும்.

சார்ட்டைச் சுருக்கும்போது எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது வேறு சிக்கல். உயரத்தைச் சரிசெய்தாலும் அது தீராது. மெட்டாட்ரேடரில் ஜூம் அளவு 0 முதல் 5 வரை. அடுத்தடுத்த கேண்டில்களுக்கு இடையிலான தூரம் முறையே 1, 2, 4, 8, 16, 32 பிக்சல். 'விற்பனை' என்ற சொல் 50 பிக்சல் பிடிக்கிறது என்றால், மிகப் பெரிய அளவிலேயே அது பக்கத்துக் கேண்டில்களின் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. மிகச் சிறிய அளவில் 50 கேண்டில்களை மறைத்துவிடும். எனவே அளவு 3-க்குக் கீழே போனால் எழுத்தை மறைத்து அம்புக்குறியை மட்டும் விடுங்கள் என்பது என் துணிபு. அதற்கு மேல், இடமிருந்து வலமாகப் போய், முந்தைய எழுத்து முடியும் பிக்சலை நினைவில் வைத்து, புதிய எழுத்து அதற்கு முன்னாலேயே தொடங்கினால் அதை ஒரு வரி உயரம் மேலே தூக்குங்கள். இரண்டாம் வரியும் நிறைந்திருந்தால் எழுத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவது, நான்காவது வரி என்று அடுக்கிக்கொண்டே போனால் எந்த எழுத்து எந்தக் கேண்டிலுக்கு உரியது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும். அப்படிப்பட்ட குறி இல்லாமல் இருப்பதே மேல்.

சாளரத்தின் மேல் விளிம்பில் எழுத்து வெட்டுப்படுவதையும் கவனியுங்கள். தானியங்கி அளவீடு உங்கள் எழுத்துப் பொருளுக்கு இடம் ஒதுக்காது. கணக்கிட்ட விலையும் எழுத்தின் உயரமும் சேர்ந்து திரையின் உயர்விலையைத் தாண்டினால், எழுத்தை விளிம்புக்குள் நிற்கும்படி இறக்குங்கள். அம்புக்குறியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மேலிருந்து கீழே மாற்றாதீர்கள். மேலே இருந்தால் விற்பனை என்று பழகிய கண், அவசரத்தில் நிறத்தைப் பார்க்காது.

மடிக்கணினியில் ஒரு மாதிரியும் வீட்டுத் திரையில் வேறு மாதிரியும் தெரிகிறது என்றீர்களே, அது திரை அடர்த்தி. எழுத்தின் அளவு புள்ளியில் இருப்பதால் அது அடர்த்திக்கு ஏற்பத் தானாக வளரும். உங்கள் 12 பிக்சல் வளராது. முனையத்திடம் (மெட்டாட்ரேடர் மென்பொருளிடம்) டிபிஐ மதிப்பை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைக் கேட்டு, 12-ஐ அதனால் பெருக்கி 96-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் 150 சதவீதப் பெரிதாக்கம் என்றால் மதிப்பு 144, இடைவெளி 18 பிக்சல்.

டிரேடிங்வியூ என்ற இணையச் சார்ட் தளத்தில் இதையே செய்ய விரும்புவோருக்கு: அதன் நிரல்மொழியான பைன் ஸ்கிரிப்டுக்குச் சாளரத்தின் பிக்சல் உயரம் தெரியாது. ஆனால் லேபிளை உருவாக்கும்போது செங்குத்து இடமாக 'அபவ்பார்' அல்லது 'பிலோபார்' என்று சொல்லிவிட்டால், விலையைப் புறக்கணித்து, கேண்டிலை ஒட்டித் தானே வைத்துக்கொள்ளும். ஒரே கேண்டிலில் இரண்டு லேபிள் வைக்க வேண்டி வந்தால் ஏடிஆருக்குப் போகாமல், இரண்டையும் ஒரே லேபிளில் இரு வரிகளாக எழுதுங்கள். எத்தனை லேபிள் வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் ஏறத்தாழ 50 லேபிள்களோடு பழையவை மறையத் தொடங்கும். அறிவிப்பு வரியில் கேட்டால் 500 வரை கிடைக்கும். அங்கே மடக்கை அளவுகோலும் (சம சதவீத ஏற்றத்துக்குச் சம உயரம் தரும் அளவுகோல்) உண்டு என்பதால், விலையைக் கூட்டி இடைவெளி விடுவது இன்னும் மோசமாகத் தவறும். 20 சென்னிலிருந்து 2 ரிங்கிட்டுக்கு ஏறிய ஒரு பங்கை 600 பிக்சல் மடக்கைச் சார்ட்டில் பாருங்கள்: 12 பிக்சல் என்பது அடியில் ஒரு சென்னுக்கும் குறைவு, உச்சியில் 9 சென்னுக்கு மேல். அங்கே கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 1.047-ஆல். இப்படிக் கணக்கிட்டு வரும் விலையைப் புர்சாவின் குறைந்தபட்ச விலைப்படிக்கு முழுமையாக்கவும் வேண்டாம். ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே அரை சென், ஒரு ரிங்கிட் முதல் 10 ரிங்கிட்டுக்குள் ஒரு சென் என்ற படி ஆணைகளுக்கானது. லேபிள் ஆணை அல்ல. முழுமையாக்கினால் அது படிப்படியாகத் துள்ளும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. செம்பனை எண்ணெய் வாய்தாவுக்குப் பகலில் காலை 10:30 முதல் 12:30 வரை, பிற்பகல் 2:30 முதல் 6:00 வரை அமர்வு. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 9:00 முதல் 11:30 வரை இன்னோர் அமர்வு. 2021 டிசம்பரில் தொடங்கிய இந்த இரவு அமர்வின் வர்த்தகம் அடுத்த வர்த்தக நாளின் கணக்கில் சேரும். வியாழன் இரவு 9:40-க்கு வாங்கியது வெள்ளிக்கிழமைக்குரியது. மெட்டாட்ரேடரோ, நீங்கள் ஏற்றிய நிமிடத் தரவிலிருந்து நாள் கேண்டிலை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று தானே கட்டுகிறது. அதனால் வியாழன் இரவு வியாழன் கேண்டிலுக்குள் போய்விடுகிறது. குறி மட்டுமல்ல, அந்தக் கேண்டிலின் உச்சமும் முடிவு விலையும்கூடச் சந்தையின் அதிகாரபூர்வ நாள் விலையோடு ஒத்துப்போகாது. குறியை மட்டும் ஒரு நாள் தள்ளி வைத்து இதைத் திருத்த முயலாதீர்கள்; தரவை ஏற்றும் இடத்திலேயே திருத்துங்கள்.

ஏற்றும்போது எல்லா நேரங்களோடும் மூன்று மணி நேரத்தைக் கூட்டுங்கள். இரவு 9:00 அடுத்த நாளின் 0:00 ஆகிவிடும், இரவு 11:30 அதிகாலை 2:30 ஆகிவிடும். பகல் அமர்வு 13:30-இல் தொடங்கி 21:00-இல் முடியும். இரவு, அதைத் தொடர்ந்த பகல் இரண்டும் ஒரே நாட்காட்டி நாளுக்குள் சரியாக அடங்குகின்றன. நாள் கேண்டில் சந்தையின் நாளாகிவிடுகிறது. சார்ட்டின் அடியில் தெரியும் கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். உங்கள் வர்த்தகப் பதிவேட்டில் உள்ள நேரங்களோடும் அதே மூன்று மணி நேரத்தைக் கூட்டிய பிறகே 'ஐபார்ஷிஃப்ட்' மூலம் கேண்டிலைத் தேடுங்கள். தேடிக் கிடைத்த கேண்டிலின் உச்ச விலையை அந்தச் சார்ட்டின் கால அளவிலிருந்தே எடுங்கள். 5 நிமிடக் கேண்டிலின் உச்சத்தை நாள் சார்ட்டுக்குக் கொண்டுபோனால் குறி கேண்டிலின் வயிற்றுக்குள் நிற்கும்.